பகுதி எண்ணில் இல்லாதவர்கள்: புதுச்சேரி இருளர் கணக்கும் மனித உரிமைப் புள்ளியியலும்

ஆய்வுச் சுருக்கம்

மனித உரிமை மீறல்களை நிறுவுவதற்குப் புள்ளியியலையும் தரவு அறிவியலையும் கையாளும் ஆய்வுமரபு, பாதிக்கப்பட்டோரை எண்ணும் முறைகளிலேயே பெரிதும் கவனம் செலுத்தி வந்துள்ளது. அவ்வெண்ணை எந்த மக்கள்தொகையோடு ஒப்பிட்டு விகிதம் காண்பது என்பதை அது அரிதாகவே வினவுகிறது. அத்தொகை அரசின் கணக்கெடுப்பில் ஏற்கெனவே கிடைத்துவிடும் என்று கொள்கிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் புதுச்சேரியின் பழங்குடியினர் தொகை சுழியம் எனப் பதிவானதைச் சான்றாகக் கொண்டு அக்கொள்கையை இக்கட்டுரை திறனாய்கிறது.

திறவுச்சொற்கள்: புதுச்சேரி, இருளர், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, சுழியம், பட்டியல் பழங்குடியினர், மனித உரிமைப் புள்ளியியல்

முன்னுரை

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் பேருந்து வில்லியனூரைக் கடந்தபின் கண்டமங்கலத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. சற்றுத் தொலைவில் திருவாண்டார்கோயில், திருபுவனை, மதகடிப்பட்டு என மீண்டும் புதுச்சேரிக்குள் வந்து, வளவனூருக்கு முன்பே மறுபடி தமிழ்நாட்டுக்குள் போய்விடுகிறது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இம்மண்ணில் நடத்திய போட்டியின் எச்சமான இத்திட்டுத் திட்டான எல்லை, மதுக்கடைப் பலகைகளிலும் எரிபொருள் விலையிலும் மட்டுமே பயணியின் கண்ணுக்குப் படும். இருளருக்கு அவ்வெல்லை வேறொன்றைச் செய்தது. 2016ஆம் ஆண்டின் இறுதி வரை, கண்டமங்கலத்து இருளர் ஒருவர் அரசமைப்பின்படி பட்டியல் பழங்குடியினர். அதற்கும் மேலாக, தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிக் குழுக்களாக அடையாளம் காணப்பட்ட ஆறனுள் ஒன்றைச் சேர்ந்தவர். அவருடைய பங்காளி திருபுவனையில் குடியிருந்தால் அவர் பழங்குடியினர் அல்லர்.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் முதன்மைச் சுருக்க அட்டவணை புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் மக்கள்தொகையை 12,47,953 என்றும், பட்டியல் சாதியினரை 1,96,325 என்றும் தருகிறது. பட்டியல் பழங்குடியினர் என்ற கட்டத்தில் இருப்பது 0. மாவட்டம், வட்டம், கொம்யூன், சிற்றூர் என எந்த வரிசைக்கு இறங்கிச் சென்றாலும் அதே 0. அதே கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் 7,94,697 பழங்குடியினரைக் கண்டது. அவர்களுள் இருளர் மட்டும் ஏறத்தாழ 1.9 இலட்சம். இந்தச் சுழியம் எவ்வகைக் கூற்று என்பதே இங்கு எழும் கேள்வி.

சுழியத்தை வாசித்தல்

இலக்கியப் பனுவலை வாசிக்கும் கவனத்தோடு அட்டவணையை வாசிக்கும் பழக்கம் தமிழ் ஆய்வுலகில் இன்னும் வேரூன்றவில்லை. எண்கள் பெரும்பாலும் முன்னுரையில் ஒரு முறை எடுத்தாளப்பட்டு, பின்பு மறக்கப்படுகின்றன. ஆனால் அட்டவணையின் ஒரு கட்டமும் எழுதப்பட்டதே. அதை எழுதியவர் உண்டு, எழுதியதற்கு விதி உண்டு.

புள்ளிவிவர அட்டவணையில் ஒரு கட்டத்தில் எண் எழாமைக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். தேடியும் ஒருவரும் கிட்டவில்லை என்பது ஒன்று. அக்கேள்வியே அங்குப் பொருந்தாது என்பது மற்றொன்று. தேடவில்லை, ஆகவே தெரியாது என்பது மூன்றாவது. முதலாவதற்குத்தான் 0 என்ற குறி உரியது. மற்ற இரண்டுக்கும் சிறுகோடோ வேறு குறியோ இடுவது வழக்கம். புதுச்சேரியின் நிலை இரண்டாவது வகை. இடப்பட்ட குறியோ முதலாவதனுடையது.

அந்த 0 விளைந்த வழியைக் கணக்கெடுப்புப் படிவமே காட்டிவிடுகிறது. 2011ஆம் ஆண்டுப் படிவத்தின் 8ஆம் வினா, ஒருவர் பட்டியல் சாதியினரா, பட்டியல் பழங்குடியினரா, இரண்டும் அல்லாதவரா எனக் கேட்கிறது. முதலிரண்டில் ஒன்றாயின், கணக்கெடுப்பாளர் கையில் தரப்பட்ட பட்டியலிலுள்ள பெயர்களுள் ஒன்றை எழுத வேண்டும். புதுச்சேரிக்கெனப் பழங்குடிப் பட்டியல் எதுவும் அப்போது இல்லை. எனவே குடிசை வாசலில் நின்ற கணக்கெடுப்பாளரிடம் ‘நாங்கள் இருளர்’ என்று ஒருவர் தெளிவாகச் சொல்லியிருந்தாலும், எழுதத்தக்க ஒரே விடை ‘இரண்டும் அல்லாதவர்’ என்பதே. விடை வினாவுக்கு முன்பே முடிவாகியிருந்தது. பஞ்சாப், அரியானா, சண்டிகர், தில்லி ஆகியவற்றிலும் இதே காரணத்தால் இதே சுழியம் பதிவாயிற்று. தில்லி வீடுகளில் வேலை பார்க்கும் சார்க்கண்டு முண்டா, ஓராவுன் பெண்களைக் கண்டவர் எவரும் அந்தச் சுழியத்தை நம்பமாட்டார்.

தமிழ்ப் புலமை மரபுக்கு இச்சிக்கல் புதிதன்று. மணிமேகலையின் ‘சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை’ அளவைகள் பத்தினை எண்ணுமிடத்து அபாவத்தையும் ஒன்றாக வைக்கிறது. ஒன்று காணப்படாமையிலிருந்து அதன் இன்மையை அறிவது அபாவம். இந்தியத் தருக்கவாணர் இதற்கு ஒரு வரம்பும் இட்டனர்: இருந்திருந்தால் காணப்பட்டிருக்கத் தக்க பொருள் காணப்படாதபோதே அதன் இன்மை துணியப்படும். விளக்கெரியும் அறையில் குடம் காணப்படவில்லை என்றால் குடம் இல்லை. இருட்டறையில் காணப்படவில்லை என்றால் எதுவும் துணிய முடியாது. புதுச்சேரியில் பழங்குடியினர் காணத்தக்கவராக இருக்கவில்லை. கணக்கெடுப்பின் சுழியம் அபாவ அளவையின் வடிவத்தை எடுத்துக்கொண்டு அதன் வரம்பை விட்டுவிட்டது.

பட்டியல் பிறவாத வரலாறு

1950ஆம் ஆண்டின் பட்டியல் பழங்குடியினர் ஆணை வெளிவந்தபோது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்டு 16இல் நிறைவேறியது. 1964 மார்ச் 5 அன்று புதுச்சேரிக்கெனப் பட்டியல் சாதியினர் ஆணை பிறந்தது. பழங்குடியினர்க்கு இணையான ஆணை பிறக்கவில்லை. 1964க்கும் 2016க்கும் இடைப்பட்ட 52 ஆண்டுகள் ஓர் ஆணை இல்லாமையின் ஆண்டுகள். இல்லாத ஆணையைச் சுட்டி வாதிடுவது கடினம் என்பதால், இக்காலம் ஆய்வுகளிலும் எளிதில் தப்பிவிடுகிறது.

1965இல் அறிக்கை அளித்த லோகூர் குழு, பழங்குடித் தன்மைக்கான அடையாளங்களாகத் தொன்மைக் கூறுகள், தனித்த பண்பாடு, நிலவியல் ஒதுக்கம், பிறரோடு பழகக் கூசுதல், பின்தங்கிய நிலை ஆகியவற்றைக் கொண்டது. மலைக்குடிகளை மனத்தில் நிறுத்தி வகுத்த அளவுகோல் இது. கடற்கரைச் சமவெளியில் ஏரிக்கரையிலும் ஊர்ப்புறம்போக்கிலும் குடியிருந்து, வயலில் எலி பிடித்து, பாம்பு பிடித்து, விறகு வெட்டி, கூலிக்கு மீன் அள்ளி வாழும் இருளர்க்கு ‘நிலவியல் ஒதுக்கம்’ மலையால் நேர்ந்ததன்று, ஊரால் நேர்ந்தது. வரைபடத்தில் அவர்கள் ஊருக்கு மிக அருகில் இருக்கிறார்கள்.

2016 டிசம்பரில் குடியரசுத் தலைவரின் ஆணை புதுச்சேரிக்கு ஒரு பட்டியலைத் தந்தது. அதில் இருந்த பதிவு ஒன்றே: இருளர், வில்லி, வேட்டைக்காரர் உள்ளிட்டு. அந்த ‘உள்ளிட்டு’ என்ற சொல் கருதத்தக்கது. தென்னார்க்காடு, செங்கல்பட்டுச் சமவெளி இருளர் வில்லியர் என்றும் வழங்கப்பட்டதை எட்கர் தர்ஸ்டன் 1909இலேயே பதிந்துள்ளார். ஒரே மக்கள் ஓர் ஊரில் இருளர், அடுத்த ஊரில் வில்லி, பள்ளிச் சான்றிதழில் வேட்டைக்காரர். அவ்வாணை இம்மூன்றையும் ஒன்றாக்கியது. தமிழ்நாட்டுப் பட்டியலில் உள்ள காட்டுநாயக்கர், குறுமன்ஸ், மலைக்குறவர் ஆகியோரும், ஆந்திரப் பட்டியலில் உள்ள எருகுலரும் புதுச்சேரியில் வாழ்ந்தபோதும் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. அவர்களைப் பொறுத்தவரை சுழியம் இன்னும் நீடிக்கிறது.

சுழியத்தின் வேலை

அட்டவணையில் ஓர் எண் தவறாக இருப்பது வேறு. அவ்வெண் வேலை செய்வது வேறு. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ‘பட்டியல் பழங்குடியினர்’ என்ற சொல்லுக்கு அரசமைப்பின் 366(25)ஆம் உறுப்பின் பொருளையே கொள்கிறது. அவ்வுறுப்பு 342ஆம் உறுப்புக்கு அனுப்புகிறது. 342ஆம் உறுப்போ அந்தந்த மாநிலம் அல்லது ஒன்றியப் பகுதியைப் பொறுத்தே பழங்குடியினரை வரையறுக்கிறது. ஒரு மாநிலத்தின் பட்டியல் நிலை மற்றொரு மாநிலத்துக்குத் தானாகத் தொடராது என்பதை மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் 1990இல் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. எனவே, சட்டத்தின் சொற்படி, 2016க்கு முன் புதுச்சேரியைச் சேர்ந்த ஓர் இருளருக்கு எதிராக நிகழ்ந்த கொடுமை ‘பழங்குடியினருக்கு எதிரான குற்றம்’ ஆகாது. குற்ற ஆவணத்தின் அக்கட்டமும் வெறுமையாக நிற்கும். முதல் சுழியம் இரண்டாவதைப் பெறுகிறது; குற்ற அட்டவணையை மட்டும் பார்க்கும் ஆய்வாளர், புதுச்சேரியில் பழங்குடியினர் மீது வன்கொடுமை இல்லை என்றே எழுதுவார்.

2016க்குப் பின்பும் பழைய சுழியம் ஓயவில்லை. ஊராட்சிகளில் பழங்குடியினர்க்கு அவர்தம் மக்கள்தொகை விகிதப்படி இடங்கள் ஒதுக்க வேண்டும் என்கிறது 243ஈ உறுப்பு. ‘மக்கள்தொகை’ என்பதோ, எண்கள் வெளியிடப்பட்ட கடைசிக் கணக்கெடுப்பில் கண்டது என்று 243ஆம் உறுப்பிலேயே வரையறுக்கப்பட்டுள்ளது. அக்கடைசிக் கணக்கெடுப்பு 2011. சட்டம் 2016இல் அளித்த தகுதியை, 2011இன் எண்ணைக் கொண்டு பெருக்கினால் கிடைப்பது மறுபடியும் சுழியமே. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதன் விலையை இந்தியா முழுவதும் பல வகையில் பேசுகின்றனர். புதுச்சேரி இருளர் கொடுத்த விலை அப்பேச்சில் இடம்பெற்றதாகத் தெரியவில்லை.

எண்ணும் கலையின் இந்தியப் பிறப்பிடம்

மறைக்கப்பட்டோரை எண்ணும் அறிவியல் இன்று பெற்றுள்ள பெயருக்கு அடிப்படையான முறைகளுள் ஒன்று இந்தியத் தரவில் செம்மை பெற்றது. கல்கத்தாவுக்கு அருகிலுள்ள சிங்கூரில் பிறப்பு, இறப்புப் பதிவுகள் எவ்வளவு முழுமையானவை எனக் காண, சி. சந்திரசேகரும் டபிள்யூ. எட்வர்ட்ஸ் டெமிங்கும் 1949இல் ஒரு வழியை வெளியிட்டனர். பதிவாளரின் பட்டியலையும், வீடு வீடாகச் சென்று எடுத்த பட்டியலையும் அருகருகே வைத்து, இரண்டிலும் உள்ளோரின் எண்ணிக்கையிலிருந்து இரண்டிலும் இல்லாதோரை மதிப்பிடுவதே அவ்வழி. விளக்கத்துக்காக மட்டும் ஓர் எடுத்துக்காட்டு கொள்ளலாம்: ஒரு பட்டியலில் 200 பேர், மற்றதில் 150 பேர், இரண்டிலும் பொதுவாக 100 பேர் எனின், மொத்தம் 200 × 150 ÷ 100 = 300. பெயரோடு தெரிந்தவர் 250. எவர் ஏட்டிலும் ஏறாதவர் 50. பட்டியல்கள் ஒன்றையொன்று சாராதவை என்பது இதன் முதல் நிபந்தனை.

பல பட்டியல்களுக்கு விரிக்கப்பட்ட இம்முறையைக் கொண்டே பெருவின் உண்மை, நல்லிணக்க ஆணையம் 2003இல் கொல்லப்பட்டோரும் காணாமற்போனோருமாக 69,280 பேர் என மதிப்பிட்டது. 2009 மே 17 முதல் 19 வரை இலங்கை இராணுவத்திடம் சரணடைந்தபின் காணாமலாக்கப்பட்ட தமிழர் ஏறத்தாழ 500 பேர் என 2018இல் மனித உரிமைத் தரவுப் பகுப்பாய்வுக் குழுவும் உண்மைக்கும் நீதிக்குமான பன்னாட்டுச் செயற்றிட்டமும் இணைந்து கண்டதும் பட்டியல்களின் ஒப்பீட்டால்தான். சிங்கூர் முறையின் கிளை முள்ளிவாய்க்கால் வரை நீண்டது எனலாம்.

இந்த ஆய்வுகள் எல்லாம் தொகுதி எண்ணைப் பற்றியவை. நீதிமன்றத்தில் அவை வலிமை பெறும் இடமோ விகிதம். குவாத்தமாலாவின் முன்னாள் ஆட்சியாளர் ரியோஸ் மான்ட் மீதான இனப்படுகொலை வழக்கில் 2013இல் பேட்ரிக் பால் அளித்த சாட்சியம் இதற்குச் சிறந்த சான்று. இசில் பகுதியில் 1982 ஏப்ரல் முதல் 1983 சூலை வரை இராணுவம் கொன்றவர், அங்கு வாழ்ந்த பழங்குடி மக்களில் 5.5 விழுக்காடு, பிறரில் 0.7 விழுக்காடு என்றார் அவர். எட்டு மடங்கு என்ற அந்த வேறுபாடே குறிவைக்கப்பட்டோர் யார் என்பதைக் காட்டியது. அத்தீர்ப்பைச் சில நாட்களிலேயே அரசமைப்பு நீதிமன்றம் நீக்கிவிட்டது என்பது உண்மை; ஆனால் கணக்கு நின்றது. அக்கணக்கு இயன்றதற்குக் காரணம், குவாத்தமாலாவின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பழங்குடியினரைத் தனியே எண்ணியிருந்தது. பகுதி எண் கையில் இருந்தது.

அதே முயற்சியைப் புதுச்சேரியில் மேற்கொண்டால் என்ன நேரும்? விசாரணைக் கைதிகளுள் இருளர் விகிதம், பள்ளியை இடையில் விட்டவருள் இருளர் விகிதம், கொத்தடிமைநிலையிலிருந்து மீட்கப்பட்டவருள் இருளர் விகிதம் என எதைக் கணக்கிட முனைந்தாலும், மக்கள்தொகையோடு ஒப்பிட வேண்டிய கட்டத்தில் 0 நிற்கிறது. சுழியத்தால் வகுத்தல் வரையறை அற்றது. உரிமை மீறல் பகுதி எண்ணிலேயே நிகழ்ந்துவிட்டால், தொகுதி எண்ணை எத்துணை நுட்பமாகக் கண்டாலும் பயனில்லை. மனித உரிமைப் புள்ளியியலின் எழுத்துகளில் இதற்கு உரிய இடம் தரப்படவில்லை என்பதே அம்மரபின் மீது வைக்கத்தக்க முதன்மையான குறை. மறைப்பவனை அது கொலையாளியாகவும் படைத்தலைவனாகவும் காணப் பழகியுள்ளது. அச்சுப் படிவத்தின் ஒரு குறியீட்டை அது ஐயுறுவதில்லை.

பட்டியல்களை இணைத்தால்

பகுதி எண்ணையே மதிப்பிட முடியாதா என்ற வினா இயல்பாக எழும். முடியும் என்பதற்கான கருவிகள் இருக்கின்றன. குடும்ப அட்டை ஏடுகள், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள், அங்கன்வாடிப் பதிவுகள், பழங்குடி அமைப்புகள் தாமே எடுத்த குடும்பக் கணக்குகள், 2016க்குப் பின் வழங்கப்பட்ட சாதிச் சான்றிதழ்கள் ஆகியவை தனித்தனிப் பட்டியல்கள். ஆனால் இங்கே இரு தடைகள் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன.

குடும்ப அட்டை இல்லாத வீட்டுப் பிள்ளைக்குச் சான்றிதழும் இராது. பள்ளிப் பெயர்ப் பதிவும் பெரும்பாலும் இராது. ஒன்றில் விடுபட்டவரே மற்றதிலும் விடுபடுகின்றனர். பட்டியல்கள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதால் பொதுவானோர் எண்ணிக்கை பெருகி, மதிப்பீடு உண்மையைவிடக் குறைகிறது. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் மாதக்கணக்கில் பெயர்ந்து செல்லும் குடும்பங்கள் எந்தப் பட்டியலிலும் இல்லாமற்போவதற்கே வாய்ப்பு மிகுதி.

மற்றத் தடை பெயர். ஒரே ஆள் ஒரு பட்டியலில் இருளர், மற்றதில் வேட்டைக்காரர். ஒன்றில் தந்தை பெயரோடு, மற்றதில் அதுவின்றி. வயது ஒவ்வொன்றிலும் ஒரு மதிப்பு. பதிவுகளை இணைக்கும் நிரல் இவர்களை இருவராகக் கொண்டால் பொதுவானோர் குறைந்து, மதிப்பீடு ஊதிப்போகும். தமிழ்ப் பெயர்களைப் பொருத்தும் நிரல்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்துப்பெயர்ப்பின் மீதே இயங்குகின்றன. ‘காளி’, ‘காலி’ என்பவை அங்கு ஒன்றாகிவிடும். இத்துறையில் தமிழறிந்தோர் செய்யத்தக்க பணி உண்டு. ஒரு வட்டாரத்தின் ஆட்பெயர் வழக்கு, குலதெய்வப் பெயர்கள், சுருக்கப் பெயர்கள், ஊர்ப்பெயரின் பேச்சு வடிவம் ஆகியவற்றைத் தொகுத்தளித்தால் பதிவு இணைப்பின் பிழை வெகுவாகக் குறையும். நாட்டார் வழக்காற்றியலார் இவற்றைப் பல்லாண்டுகளாகச் சேகரித்து வருகின்றனர். அச்சேகரிப்பு புள்ளியியலாரின் கைக்கு இன்னும் போய்ச்சேரவில்லை.

மதிப்பீட்டின் எல்லையையும் மறைக்கலாகாது. 300 பேர் உள்ளனர் என்ற மதிப்பீடு, ஏட்டில் ஏறாத 50 பேருள் எவர்க்கும் சான்றிதழ் பெற்றுத் தராது. வட்டாட்சியர் அலுவலகம் கேட்பது ஆளின் பெயரை, தந்தையின் ஆவணத்தை, குடியிருப்புச் சான்றை. புறம்போக்கில் பிறந்து பட்டா இன்றி வாழ்ந்த தலைமுறையிடம் அவை இல்லை. கொள்கை வகுப்பவரை மதிப்பீடு அசைக்கலாம், எழுத்தரை அசைக்காது.

பட்டியலில் ஏறுவதே நன்மை என்று கொள்வதற்கும் இல்லை. குற்றப் பரம்பரைச் சட்டம் இந்நாட்டில் தயாரித்த பட்டியல்களும் முழுமையை நோக்கமாகக் கொண்டவையே. திருட்டு வழக்குக்கு ஆள் தேடும் காவலர்க்கு, குடிசைதோறும் பெயர் குறித்த தரவுத்தளம் எளிய வழிகாட்டியாகிவிடும். ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமை ஆணையர் அலுவலகம் 2018இல் வெளியிட்ட தரவு நெறிமுறை, பங்கேற்பு, தன்னடையாளம், தனியுரிமை ஆகியவற்றை ஒருங்கே வலியுறுத்துவதன் நியாயம் இதுதான். அவற்றுள் தன்னடையாளம் இந்திய நடைமுறைக்கு மிகவும் அயலானது. தன்னைப் பழங்குடி என உணர்வதை அடிப்படை அளவுகோலாக ஏற்கும் 1989ஆம் ஆண்டின் 169ஆம் பன்னாட்டுத் தொழிலாளர் உடன்பாட்டை இந்தியா ஏற்கவில்லை. அதற்கு முந்தைய 107ஆம் உடன்பாட்டிலேயே நிற்கிறது. ஒருவர் யார் என்பதை அவர் வாய்ச்சொல் அன்றி, கணக்கெடுப்பாளர் கைப்பட்டியலே சொல்கிறது.

வரும் கணக்கெடுப்பு

2027 மார்ச் 1ஐக் குறிப்பு நாளாகக் கொண்ட அடுத்த கணக்கெடுப்பில் அனைத்துச் சாதிகளும் எண்ணப்படும் என அறிவிக்கப்பட்டுள்ளது. புதுச்சேரி இருளர் பழங்குடியினராக எண்ணப்படப்போகும் முதல் கணக்கெடுப்பு அது. கைக்கருவியில் கீழிறங்கும் பெயர்ப்பட்டியலில் வில்லி, வேட்டைக்காரர் என்ற பெயர்களும் இருளரோடு சேர்ந்து வருமா, கணக்கெடுப்பாளருக்கு அப்பெயர்கள் பயிற்சியில் சொல்லப்படுமா, சூளைக்குச் சென்ற குடும்பத்தைச் சூளையில் எண்ணுவரா ஊரில் எண்ணுவரா, சூளை எல்லைக்கு அப்பால் இருந்தால் எந்தப் பட்டியலின்படி எண்ணுவர் என்பன யாவும் சிறு நடைமுறை வினாக்கள். அந்த எண்ணின் அளவு இவ்வினாக்களின் விடையைப் பொறுத்தே அமையும். காட்டுநாயக்கரும் மலைக்குறவரும் சாதி வினாவில் பெயர் பெறக்கூடும். பழங்குடிக் கட்டத்தில் அவர்கள் அப்போதும் வரமாட்டார்கள்.

கணக்கெடுப்பு அட்டவணைகளில் முந்தைய கணக்கெடுப்புக்குப் பின் நேர்ந்த வளர்ச்சி விழுக்காட்டைக் காட்டுவது மரபு. புதுச்சேரி மாவட்டத்தின் பழங்குடியினர் வரிசையில் 2011இன் எண் 0. 2027இல் ஏதோ ஓர் எண் வரும். சுழியத்திலிருந்து வளர்ச்சி விழுக்காடு காண இயலாது. அந்தக் கட்டத்தில் இம்முறை சிறுகோடுதான் இட வேண்டியிருக்கும்.